அமெரிக்கக் கல்லூரி வளாகத்தில் மகளிர் வரலாற்று மாதத்தைப் பொருளுள்ள வகையில் கொண்டாடுவது எப்படி?

மார்ச் மாதக் கொண்டாட்டத்தை நடத்தும் பொறுப்பை மாணவர் குழு தம்மிடம் ஒப்படைத்திருப்பதாகவும், சென்ற ஆண்டைப் போலச் சுவரொட்டியும் கேக்குமாக அது முடிந்துவிடக் கூடாது என்று விரும்புவதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்று விளங்கவில்லை என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்.

நான் அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியின் நூலகத்தில் பணியாற்றுகிறேன். இந்தக் கொண்டாட்டக் குழுவில் எட்டு மார்ச் மாதங்களைக் கண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு சொல்கிறேன்: உலகப் புகழ் பெற்ற பெண்களிடமிருந்து தொடங்காதீர்கள். உங்கள் வளாகத்திலேயே படித்த, பாடம் நடத்திய, தட்டச்சு செய்த, சமைத்த, தரை துடைத்த பெண்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்களுடைய பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்து உரிய இடத்தில் எழுதி வைப்பதையே அந்த மாதத்தின் முதல் வேலையாகக் கொண்டால், மற்ற நிகழ்ச்சிகள் அதைச் சுற்றித் தாமாக அமைந்துவிடும்.

முதல் ஆண்டில் இது எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. மாணவர் மையத்தில் மேசை போட்டு, ஊதா நிறத் துணி விரித்து, எல்லோரும் அறிந்த ஆறு பெண்களின் படங்களை அச்சிட்டு வைத்தோம். வகுப்புக்கு விரைந்துகொண்டிருந்தவர்கள் ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மூன்றாம் நாள் முதலாண்டு மாணவி ஒருவர் நின்று, ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லூரியில் முதன்முதலில் படித்த பெண் யார்?" என்று கேட்டார். மேசைக்குப் பின்னால் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. ஆவணக் காப்பகம் இருக்கும் கட்டடத்திலேயே நாள் முழுவதும் வேலை செய்கிற எனக்கும் தெரியாமல் போனது என்னை வெகுவாக உறுத்தியது.

இந்த மாதம் பிறந்த கதையையும் நான் அதற்குப் பிறகுதான் சரியாகப் படித்தேன். 1978ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சொனோமா மாவட்டத்தில், பெண்களின் நிலை குறித்த ஆணையத்தின் கல்விக் குழுவினர், பள்ளிப் பாடங்களில் பெண்களின் வரலாறு ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதைக் கண்டு, மார்ச் 8ஆம் தேதி வரும் வாரத்தைப் பெண்கள் வரலாற்று வாரமாக நடத்தினார்கள். பள்ளிகளில் உரைகள், மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி, சான்டா ரோசா நகரின் நடுவே ஓர் ஊர்வலம்: இவ்வளவுதான் அந்த முதல் வாரம். மறு ஆண்டு வரலாற்றாசிரியர் கெர்டா லெர்னர் தலைமையில் சாரா லாரன்ஸ் கல்லூரியில் கூடிய பயிலரங்குக்கு வந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டுத் தத்தம் ஊர்களுக்கு எடுத்துச் சென்றார்கள். 1980இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அதைத் தேசிய வாரமாக அறிவித்தார். 1987இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் மார்ச் மாதம் முழுவதும் அதற்கு உரியதாயிற்று. மேலிருந்து உத்தரவாக வந்து இறங்கிய கொண்டாட்டம் அல்ல இது. தம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள், தம் ஊரிலேயே தொடங்கியது. கல்லூரி வளாகத்துக்கும் அந்த வழிதான் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாம் ஆண்டு நாங்கள் அக்டோபரிலேயே காப்பகத்துக்குள் போனோம். அங்கே ஒரு பெட்டியில் 1958ஆம் ஆண்டின் புகைப்படம் ஒன்று கிடைத்தது. பழைய நூலகக் கட்டடத்தின் படிக்கட்டில் ஓர் ஆணும் ஏழு பெண்களும் நிற்கிறார்கள். படத்தின் பின்புறம் ஒட்டியிருந்த தட்டச்சுத் தாளில் நடுவில் நின்ற நூலகரின் முழுப் பெயரும் பதவியும் இருந்தன. அதன் பிறகு "மற்றும் பணியாளர்கள்" என்று இரண்டே சொற்கள். என்னுடன் வந்த மாணவர்கள் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். புத்தகங்களுக்கு வகைப்பாட்டு எண் கொடுத்தவர்களும், நூற்பட்டியல் அட்டைகளைத் தட்டச்சு செய்தவர்களும் அந்த ஏழு பேராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர்கள் கையால் திருத்திய அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர் தேடும் வேலை எளிதாக இருக்கவில்லை. கல்லூரியின் பழைய தொலைபேசிக் கையேட்டில் மணமான பெண்கள் கணவர் பெயரோடுதான் குறிக்கப்பட்டிருந்தார்கள். திருமதி இன்னார் என்று கணவரின் முதற்பெயரும் குடும்பப் பெயரும் இருக்கும், அந்தப் பெண்ணின் சொந்தப் பெயருக்கு அங்கே இடமே இல்லை. அக்காலத்து நகர முகவரிப் புத்தகங்கள் இதற்குப் பெரிதும் உதவின. அவற்றில் குடும்பத் தலைவரின் பெயருக்குப் பக்கத்தில் மனைவியின் முதற்பெயரை அடைப்புக்குறிக்குள் அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிமனிதர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் திறக்கப்படும் என்பதால், 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில்தான் கைக்கு வந்தது. அதில் மனைவியின் பெயர், வயது, தொழில் மூன்றும் உண்டு. உள்ளூர்ச் செய்தித்தாளின் இரங்கல் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்து நான்கு பேரை அடையாளம் கண்டோம். ஒரு மாணவர் கணக்கெடுப்புப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கி, தொழில் என்ற கட்டத்தில் நூலக உதவியாளர் என்று கையால் எழுதியிருந்ததைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கடந்த காலத்தின் மேல் இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று யாரேனும் சொல்லக் கேட்டால் எனக்கு அந்த நொடிதான் நினைவுக்கு வருகிறது.

அதே காப்பகத்தில் மாணவியர் விடுதியின் வெளியேறும் அட்டைகள் ஒரு மர இழுப்பறை நிறைய இருந்தன. உள்ளங்கை அளவு அட்டை. எங்கே போகிறாய், யாருடன் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய், எத்தனை மணிக்குத் திரும்பினாய் என்று நான்கு பத்திகள். ஓரத்தில் விடுதிக் காப்பாளரின் சுருக்கொப்பம். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் 1960களின் பிற்பகுதி வரை மாணவியருக்கு மட்டும் இத்தகைய இரவு நேரக் கட்டுப்பாடுகள் இருந்தன. அதே வளாகத்து மாணவர்களுக்கு அவை இல்லை. கண்காட்சியில் எட்டு அட்டைகளை, பெயர்களை மறைத்துவிட்டு வைத்தோம். இன்றைய மாணவியர் அவற்றின் முன் நின்ற நேரம், நாங்கள் எழுதிய எந்த விளக்கத்தின் முன்னும் நின்ற நேரத்தைவிட அதிகம்.

இப்படிச் சொந்த வளாகத்திலிருந்து தொடங்கிய பிறகுதான் பெரிய வரலாறு மாணவர்களுக்கு எட்டும் தூரத்தில் வருகிறது. ஓபர்லின் கல்லூரி பெண்களைப் பட்டப் படிப்பில் சேர்த்தது 1837இல். அங்கேதான் 1862இல் மேரி ஜேன் பேட்டர்சன் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். ஆனால் யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் இளங்கலை வகுப்புகள் 1969 வரையும், கொலம்பியா கல்லூரி 1983 வரையும் பெண்களுக்குத் திறக்கவில்லை. ஹார்வர்டின் லமாண்ட் நூலகத்துக்குள் 1967 வரை பெண்களுக்கு அனுமதி இல்லை என்பதை, நூலகத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. மருத்துவம் படிக்க விரும்பி, விண்ணப்பித்த கல்லூரிகளெல்லாம் மறுத்துவிட, சட்டம் படித்த ஹவாயின் பேட்சி மிங்க், பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகி, கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 'டைட்டில் நைன்' சட்டத்துக்காகப் பாடுபட்டார். 1972 ஜூன் 23ஆம் தேதி அது சட்டமாயிற்று. உங்கள் கல்லூரியில் பெண்களுக்கான முதல் விளையாட்டு அணி எந்த ஆண்டு தோன்றியது என்று தேடி, அந்தத் தேதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் பெண்களுக்கும் இந்த மாதத்தில் இடம் உண்டு என்பதைக் கேள்வி கேட்டவர் மறந்துவிடக் கூடாது. 1885இல் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் எடுத்த ஒரு படத்தில் இந்தியாவின் ஆனந்திபாய் ஜோஷி, ஜப்பானின் ஒகாமி கேய், சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி ஆகிய மூவரும் தத்தம் நாட்டு உடையில் இருக்கிறார்கள். ஆனந்திபாய் 1886 மார்ச்சில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, 22 வயது நிறையும் முன், காசநோயால் இறந்தார். சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்திவந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். இவர்களைப் பற்றி நான் பேசிய மாலையில், அதுவரை எங்கள் நிகழ்ச்சிகளின் பக்கமே வராத மாணவியர் பலர் கடைசி வரிசைகளை நிறைத்திருந்தார்கள்.

கூடிச் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சேர்க்க விரும்பினால், விக்கிப்பீடியாக் கட்டுரை எழுதும் அமர்வை நடத்துங்கள். கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்டைப் பற்றி எழுதப்பட்ட வரைவுக் கட்டுரை 2018 மே மாதத்தில் போதிய சான்று இல்லை என்று நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்குரிய அந்த ஆய்வை அவர் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது செய்தார். சான்று தேடித் தருவது நூலகத்தாரின் தொழில். அவர்களை அழைத்தால் மகிழ்ச்சியுடன் வருவார்கள்.

நடைமுறையில் சில இடர்களையும் சொல்லியாக வேண்டும். மார்ச் மாதத்தில் இடைப்பருவத் தேர்வும் வசந்த விடுமுறையும் வருவதால் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது மூன்று வாரங்கள்; கண்காட்சியை நீண்ட நாள் வைத்து, பேச்சு நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாணவர் பதிவேடுகளைக் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாழ்கிறவர்களின் பெயரையோ குரலையோ அவர்களின் எழுத்து மூல இசைவின்றிப் பயன்படுத்தாதீர்கள். இன்னொன்று எனக்கு மிக முக்கியமானது. பெண்களைக் கொண்டாடும் மாதத்தில் மேசை போடுவதும், பேச்சாளருக்குக் கடிதம் எழுதுவதும், இரவு கூட்டம் முடிந்து நாற்காலி மடக்குவதும் ஊதியமின்றிப் பெண்கள் தலையிலேயே விழுகின்றன. பொறுப்புகளை எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் பேச்சாளருக்கு மதிப்பூதியத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். உணவுக்கூடத்திலும் துப்புரவுப் பணியிலும் இருக்கும் பெண்களை அழைப்பதானால், அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்படும் என்று மேலாளரிடம் எழுதி வாங்கிய பிறகு அழையுங்கள். எங்கள் உணவுக்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஒருவர் தம் வேலையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியதை ஒலிப்பதிவு செய்து காப்பகத்தில் சேர்த்திருக்கிறோம். ஆட்சிக் குழுத் தலைவர்களின் உரைகள் இருக்கும் அதே அலமாரியில் அதுவும் இருக்கிறது.

அந்த 1958 புகைப்படத்தைப் பழைய மாணவர் செய்தி மடலில் வெளியிட்டோம். இரண்டு வாரம் கழித்து, எண்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு பெண்மணி தம் மகளுடன் நூலகத்துக்கு வந்தார். படத்தில் வலக்கோடியில் நிற்பவர் தாம்தான் என்றும், அப்போது மாணவியாக இருந்துகொண்டே மாலை வேளைகளில் புத்தகம் அடுக்கியதாகவும் சொன்னார். காப்பகத்துக்குள் பேனாவுக்கு அனுமதி இல்லை என்பதால் அவரிடம் பென்சிலைக் கொடுத்தேன். படத்தின் நகலுக்குக் கீழே தம் பெயரையும், மணமாவதற்கு முன் தமக்கிருந்த குடும்பப் பெயரையும் நிதானமாக எழுதினார். பிறகு பக்கத்தில் நின்றவரின் பெயரையும் எழுதி, "இவள்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தாள்" என்றார். இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பெண்ணின் பெயர் அவருக்கும் நினைவில்லை. புதிய பெயர்ப் பலகையில் ஆறு பெயர்களை எழுதி, மூன்றாவது இடத்தை வெறுமையாக விட்டு, அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று குறித்திருக்கிறோம். ஒவ்வொரு மார்ச்சிலும் அந்தப் படத்தை மீண்டும் வெளியிடுகிறோம்.