கிணற்று நீரில் 'கோலிபேஜ் 6': மிஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்தோம். ஈ.கோலை இல்லை என்று வந்திருக்கிறது. ஆனால் கீழே 'சோமாட்டிக் கோலிபேஜ்: 100 மி.லி.யில் 6' என்று போட்டிருக்கிறார்கள். மாதிரி எடுக்க வந்தவரே, "தண்ணீரில் வைரஸ் இருக்கிறது, குழந்தைகளுக்கு ஆபத்து, உடனே தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் மாட்டுங்கள்" என்கிறார். கிணற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் செப்டிக் டேங்க் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த 6 வைரஸ்களும் உங்கள் குழந்தைகளை ஒன்றும் செய்யாது. கோலிபேஜ் என்பது ஈ.கோலை மாதிரியான குடல் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். மனித செல்லில் ஒட்டிக்கொள்ளவே அதற்குத் தெரியாது. பலருடைய குடலில் அது சாதாரணமாகவே இருக்கிறது.

அதற்காக ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். குடலில் இருக்க வேண்டியது கிணற்றில் என்ன செய்கிறது? எங்கிருந்தோ மலம் கலந்த நீர் கசிந்து வருகிறது. கோலிபேஜ் வந்த வழியில் வாந்தி பேதி தரும் நோரோவைரஸும், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் வரலாம். அவைதான் ஆபத்து. அவற்றை நேரடியாகத் தேடுவது சிரமம், செலவும் அதிகம். அதனால்தான் பேஜை எண்ணுகிறார்கள்.

ஈ.கோலை ஏன் இல்லை என்று குழம்ப வேண்டாம். பாக்டீரியா மைக்ரான் கணக்கு, பேஜ் நானோமீட்டர் கணக்கு. பாக்டீரியாவை மண் பெரும்பாலும் பிடித்து நிறுத்திவிடும். வைரஸ் இடுக்கில் புகுந்து வந்துவிடும், பல நாள் தாக்குப்பிடிக்கவும் செய்யும். ஆக, 'ஈ.கோலை இல்லை' என்ற வரி வைரஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டெரேல் என்ற விஞ்ஞானி பாக்டீரியாவைத் தாக்கும் இந்த வைரஸ்களுக்கு பாக்டீரியோபேஜ், சுருக்கமாக பேஜ், என்று பெயர் வைத்தது 1917-இல். சோமாட்டிக் கோலிபேஜை எண்ணுவதற்கான ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர அமைப்பு) முறை 2000-இலேயே வந்துவிட்டது. இன்னமும் சாதாரணப் பரிசோதனை என்றால் ஈ.கோலையோடு முடித்துக்கொண்டு முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டாவது வரி இருந்ததே அதிர்ஷ்டம்.

இனி, அந்த ஆளைப் பற்றி. மாதிரி எடுப்பவரும் மிஷின் விற்பவரும் ஒருவரே என்றால், அந்த ரிப்போர்ட்டை நம்பி எதையும் வாங்காதீர்கள். அடுத்த முறை வரும்போது டம்ளரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்து, தண்ணீர் பழுப்பாவதைக் காட்டுவார். அது உங்கள் தண்ணீரின் அழுக்கல்ல, இரும்புக் கம்பி கரைகிறது. உப்பு இருக்கும் நீரில் கரண்ட் நன்றாகப் பாயும்; அதனால் கம்பி கரையும். அவர் மிஷின் நீரில் உப்பு குறைவு, அதனால் நிறம் மாறாது. அவ்வளவுதான் வித்தை. டி.டி.எஸ். மீட்டரும் அப்படியே. அது கரைந்த உப்பை அளக்கும், ஒரு வைரஸைக்கூடப் பார்க்காது. 'வைரஸ் இல்லை' என்று சான்றிதழ் தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

வேறொருவர் வந்து, "ஐரோப்பிய விதியிலேயே 50 வரை போகலாம், உங்களுக்கு வெறும் 6" என்று தேற்றுவார். 2020-இல் வந்த ஐரோப்பியக் குடிநீர் விதியில் 50 என்ற எண் இருப்பது உண்மை. ஆனால் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழையும், இன்னும் சுத்தம் செய்யாத நீருக்கு. நீங்கள் வாளியில் இறைத்து அப்படியே குடிக்கிறீர்கள். உங்களுக்கு 6-ம் அதிகம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இன்றிலிருந்து குடிநீரைக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் போதும், எந்தக் குடல் வைரஸும் தாங்காது. அப்புறம் கசிவைத் தேடுங்கள். செப்டிக் டேங்கில் விரிசல் உண்டா, அதன் கழிவு எந்தப் பக்கம் இறங்குகிறது, கிணற்றின் சுற்றுச்சுவரில் ஓட்டை உண்டா, மழை நீர் கிணற்றுக்குள் வழிகிறதா என்று பாருங்கள். கசிவை அடைக்காமல் கிணற்றில் குளோரின் கொட்டினால், அடுத்த வாரமே பழைய கதை.

பிறகு மறுபரிசோதனை. ஒரு நல்ல மழை பெய்தபின், விற்பனையில் சம்பந்தமில்லாத லேபுக்கு நீங்களே மாதிரி கொண்டுபோங்கள். லேப் தரும் பாட்டில்தான், உங்கள் பழைய பாட்டில் வேண்டாம். ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள், முடிந்தால் அன்றே சேருங்கள். பிளாக் (plaque) எண்ணும் முறையா என்று கேளுங்கள். உயிருள்ள ஈ.கோலை பரப்பிய தட்டில் உங்கள் நீரை ஊற்றி, மறுநாள் பாக்டீரியா செத்துத் தெளிந்த வட்டங்களை எண்ணுவது அது. உங்கள் 6 என்பது அப்படி 6 வட்டங்கள். வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறை செத்த வைரஸையும் கணக்கில் சேர்த்துவிடும். கிணற்றில் குளோரின் போட்டிருந்தால் அந்த ரிப்போர்ட் உங்களைக் குழப்பிவிடும்.

ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொல்கிறேன், ஏனென்றால் லேபில் இருப்பவர்களே இதில் சறுக்குகிறார்கள். கோலிபேஜில் இரண்டு வகை. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது சோமாட்டிக். இது பெரும்பாலோர் மலத்தில் இருக்கும். இன்னொன்று எஃப் வகை. ஊர்ச் சாக்கடையில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் தனித்தனி ஆளாகப் பார்த்தால் சிலரிடம்தான் இருக்கும். உங்கள் டேங்கில் சேருவது நான்கைந்து பேருடைய கழிவு. அந்த நான்கைந்து பேரிடமும் எஃப் வகை இல்லாமல் போவது சகஜம். 2014-இல் கண்டுபிடித்த கிராஸ்பேஜும் (மனிதக் குடலில் வேறு பாக்டீரியாவைத் தாக்கும் இன்னொரு பேஜ்) அப்படித்தான். மனிதக் கழிவா, மாட்டுக் கழிவா என்று பிரிக்க உதவும், ஆனால் அதுவும் எல்லோரிடமும் இருப்பதில்லை. ஆக, 'எஃப் வகை இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் உங்கள் டேங்க் கசியவில்லை என்று அர்த்தமில்லை. மறுபடியும் சொல்கிறேன்: ஒரு வீட்டு டேங்குக்கு எஃப் வகையைத் தேடிக் கிடைக்காதது எதையும் நிரூபிக்காது. சோமாட்டிக்கைத்தான் கேளுங்கள்.

அதிலும் ஒரு தடவை பூஜ்யம் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மழைக்குப் பின் ஒன்று, வறண்ட நாளில் ஒன்று, இரண்டும் வேண்டும். அதுவரை பல் தேய்க்கவும் கொதிக்க வைத்து ஆறிய நீரையே எடுங்கள்.