பத்துக்குப் பத்து அறையில் ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

கேள்வி: மாடியில் 10க்கு 10 அறை ஒன்றை ரெக்கார்டிங்குக்காக ஒதுக்கியிருக்கிறேன். கூரையும் 10 அடி உயரம்தான். யமஹா எச்எஸ்5 ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி மேஜை மேல் வைத்திருக்கிறேன். மேஜையின் இடது பக்கம் மூலையில் இடிக்கிறது. நாற்காலி, ஸ்பீக்கர் இருக்கும் முன்சுவரிலிருந்து 5 அடி தள்ளி இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் பேஸ் கேட்பதே இல்லை. பேஸை ஏற்றி மிக்ஸ் செய்தால், காரில் போடும்போது தவிலும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து காதை அடைக்கின்றன. கடையில் சப்வூஃபர் (பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்) வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: வேண்டாம். இப்போதைக்கு இன்ச் டேப்பை மட்டும் கையில் எடுங்கள்.

உங்கள் ஸ்பீக்கரில் குறை இல்லை, நீங்கள் உட்காரும் இடத்தில்தான் குறை. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 10 அடி இருந்தால், 57 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும் ஒலி அங்கே சிக்கிக்கொண்டு நிற்கும். சுவர் ஓரத்தில் அது பொங்கும், சரிபாதியில் கிட்டத்தட்ட செத்துப்போகும். அந்தப் பாதிதான் 5 அடி. உங்கள் அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்பதால் மூன்றும் ஒரே சுருதியில் வந்து மாட்டுகின்றன. பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அதன் பாதி உயிர் உங்கள் நாற்காலிக்கு வந்து சேரவே இல்லை. இல்லாததைக் கேட்க நீங்கள் ஏற்றுகிறீர்கள், அந்த ஏற்றம் முழுவதும் காரில் வந்து இடிக்கிறது. அதே நாற்காலியில் இருந்துகொண்டு சப்வூஃபர் வாங்கினாலும் அதன் 57 ஹெர்ட்ஸ் அந்தப் பள்ளத்தில்தான் விழும். ஈக்குவலைசரில் ஏற்றியும் அதை நிரப்ப முடியாது.

நம்பிக்கை வராவிட்டால் இன்று இரவே சோதித்துப் பாருங்கள். ஒரே சுருதியை விடாமல் ஒலிக்கும் டோன் ஜெனரேட்டர் ஒன்றில் 57 ஹெர்ட்ஸ் வைத்து, மிதமான சத்தத்தில் ஸ்பீக்கர் வழியாக ஓடவிடுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து பின்சுவரை நோக்கி மெதுவாக நடங்கள். நாலைந்து எட்டுக்குள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முதுகை அழுத்தும் ஒலிக்குப் போய்விடுவீர்கள். அறையில் பீரோ இருந்தால் அதன் சாவி துளையிலேயே நடுங்கும். ஒருமுறை இதைக் கேட்டவர் அப்புறம் நாற்காலியை நடுவில் போட மாட்டார்.

சரி, எங்கே போடுவது? அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு. உங்களுக்கு அது முன்சுவரிலிருந்து ஏறத்தாழ 3 அடி 10 இன்ச். அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், தொடங்குவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான். முதலில் மேஜையை மூலையிலிருந்து விடுவித்து, அதன் நடு சுவரின் நடுவுக்கு வரும்படி நகர்த்துங்கள். ஒரு ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் பேஸ் தடிக்கும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரலும் ஒரு பக்கம் சாயும். ஸ்பீக்கரின் முதுகுக்கும் சுவருக்கும் 4 இன்ச் விடுங்கள். இரண்டு ட்வீட்டருக்கும் (பெட்டியில் மேல்ஸ்தாயியைப் பாடும் சின்ன வட்டம்) இடையே மூன்றரை அடி. உங்கள் தலையிலிருந்து ஒவ்வொரு ட்வீட்டருக்கும் அதே மூன்றரை அடி. இப்படி முக்கோணம் போட்டால் தலை தானாகவே சுவரிலிருந்து 4 அடி வாக்கில் வந்து நிற்கும். ட்வீட்டர் காது உயரத்தில், முகத்தைப் பார்த்துத் திரும்பி இருக்கட்டும்.

சுவரை விட்டு நன்றாகத் தள்ளி வைத்தால்தான் நல்லது என்று பலர் சொல்வார்கள். பெரிய ஹாலில் அது சரி, சின்ன அறையில் நான் அதை ஏற்பதில்லை. ஸ்பீக்கரின் முதுகுப் பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியோடு மோதி ஒரு பள்ளம் உண்டாக்கும். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 3 அடியில் இருந்தால் அந்தப் பள்ளம் 95 ஹெர்ட்ஸ் பக்கம், தவிலின் அடி விழும் பகுதியிலேயே. 1 அடியில் இருந்தால் 280க்கு மேலே ஏறிவிடும், அதை ஒலி உறிஞ்சும் ஒரு பேனலே அடக்கிவிடும். ஒட்டி வைப்பதால் பேஸ் கொஞ்சம் கூடும். அதற்குத்தான் எச்எஸ்5-இன் பின்னால் ரூம் கண்ட்ரோல் என்ற ஸ்விட்ச் இருக்கிறது. மைனஸ் 2 டெசிபலில் வைத்துக் கேளுங்கள், போதாவிட்டால் மைனஸ் 4.

பிறகு நாற்காலியை முன்னும் பின்னும் ஆறாறு இன்ச் நகர்த்தி, நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடம் வந்ததும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். எல்லாம் செய்தாலும் உங்கள் அறை கனசதுரம் என்பதை மறக்கக் கூடாது. அடிப் பகுதியை ஹெட்போனிலும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஸ்டாண்டுக்குச் செலவழியுங்கள். மேஜை மேலேயே வைத்தால் பலகையும் சேர்ந்து பாடும். ஐந்து ஹாலோ பிளாக் கல் அடுக்கினாலே உயரம் சரியாக வந்துவிடும், ஆனால் குழந்தைகள் ஓடும் வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

கேள்வி: ஒரு இன்ச் ஃபோம் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. சுவர் முழுக்க ஒட்டலாமா? முட்டை அட்டை போதும் என்கிறார்களே?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: முட்டை அட்டை வீண். மெல்லிய ஃபோம் மேல்ஸ்தாயியை மட்டும் தின்னும், பேஸை அதனால் தொடக்கூட முடியாது. சுவர் முழுக்க ஒட்டினால் குரல் போர்வைக்குள் பாடுவது போலாகும், கும்மென்ற அடி ஒலி மட்டும் அப்படியே மிஞ்சும். மலிவு ஃபோம் எளிதில் தீயும் பிடிக்கும்.

அதே பணத்துக்குக் குறைவான துண்டுகள் போதும், ஆனால் தடிமனாக இருக்கட்டும். 2 இன்ச் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை இரண்டைச் சேர்த்து, ஆசாரியிடம் மரச்சட்டம் அடித்து, காற்றுப் புகும் துணியால் போர்த்துங்கள். துணியை வாயருகே வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும். ராக்வூலைக் கையாளும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு முகக்கண்ணாடி போதும். நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள், இன்னொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே ஒரு பேனல். மற்ற பக்கமும் அப்படியே. மிச்சம் இருந்தால் அறை மூலைகளுக்கு.

கேள்வி: “பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறோம்” என்று சொல்லி ஸ்பீக்கர் விற்ற கடைக்காரர், இப்போது பெட்டி திறந்தாயிற்று என்று மறுக்கிறார். பில்லில் எதுவும் எழுதவில்லை.
— சேலம் வாசகர்

பதில்: பழுது இருந்தால் உங்கள் பக்கம் பலம் உண்டு. பில்லில் கெடு எழுதாதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அறையில் சரியாகக் கேட்கவில்லை என்பது மட்டும் பழுது ஆகாது. வாய்ச்சொல்லை நிரூபிப்பதும் கடினம். எனவே கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் முதல் பதிலில் சொன்னபடி நாற்காலியை நகர்த்திப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றியும் வைத்துக் கேளுங்கள். குறை ஸ்பீக்கரோடு சேர்ந்து இடம் மாறினால் பழுது அதில்தான். அதை வீடியோ எடுத்து, தேதியோடு கடைக்கு அனுப்பி வையுங்கள்.