முதல் கூடத்தோடு நிறுத்துங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ்வாசிகள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் (வயது 8, 11) முசியம் நெகாராவுக்கு (தேசிய அரும்பொருளகம்) அழைத்துப்போனோம். மூன்று மணி நேரத்தில் நான்கு கூடங்களையும் பார்த்து முடித்தோம். வீட்டுக்கு வந்து கேட்டால், வெளியே நிற்கும் ரயில் எஞ்சினைத் தவிர இருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. நம்மவர்களைப் பற்றி அங்கே பெரிதாக எதுவும் இல்லையே என்ற மனக்குறை எனக்கு. மறுபடி போவதில் பயன் உண்டா? போனால் எப்படிப் பார்ப்பது?

வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரி,

அவசியம் போங்கள். இந்த முறை ஏ கூடத்தை மட்டும் பாருங்கள். அதிலும் மூன்றே பொருள்கள். பி, சி, டி மூன்றும் வேறு வேறு நாளுக்கு இருக்கட்டும். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடைபாதை வழியாகவே போய்விடக்கூடிய இடத்தில் இருக்கிறீர்கள், என்ன அவசரம்? எஞ்சின் பிள்ளைகள் மனத்தில் தங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பார்கள். உள்ளே எந்தப் பேழையின் முன்னும் அவர்கள் ஒரு நிமிடம் நின்றிருக்க வாய்ப்பில்லை.

காலையில் திறந்ததுமே போய்விடுங்கள். பள்ளிப் பேருந்துகள் வந்துவிட்டால் பேழைக்குப் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆளுக்கொரு பென்சில், வரைய நாலு தாள், அடியில் வைக்க ஓர் அட்டை. பேனா வேண்டாம், மை எங்காவது பட்டால் போகாது. குளிரூட்டிக்கு ஒரு மேல்சட்டை. நுழைவதற்கு முன் முகப்புச் சுவரின் இரண்டு பெரிய சித்திரங்களையும் எதிர்ப்புறம் தள்ளி நின்று பாருங்கள். ஓவியர் சியோங் லாய்தோங் வடிவமைத்தவை. ஒவ்வொன்றும் 35 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். 1945இல் குண்டுவீச்சில் சிதைந்த பழைய சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்த இடம் அது. இப்போதுள்ள கட்டடம் 1963 ஆகஸ்ட் 31 அன்று திறக்கப்பட்டது.

உள்ளே முதலில் பேராக் மனிதன். 1991இல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தார் பேராக் மாநில லெங்கோங் பள்ளத்தாக்கில், குனோங் ருந்துக் குகையில் தோண்டியெடுத்த எலும்புக்கூடு. வயது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல். விளக்கப் பலகையைப் படிக்க விடாதீர்கள். கால் எப்படி மடங்கியிருக்கிறது, இரண்டு கையும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். இடக்கையில் பிறவிக் குறை உள்ளவர் அவர். அந்தக் கையோடு நடு வயதுவரை வாழ்ந்திருக்கிறார் என்றால், உடன் இருந்தவர்கள் அவரைக் கைவிடவில்லை. புதைத்தபோது ஆற்று நத்தைகளும் கல்லாயுதங்களும் கூட வைத்திருக்கிறார்கள். ஓர் எலும்பிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது என்பது உங்கள் மூத்த பிள்ளைக்கு நிச்சயம் புரியும்.

இதற்குப் பிறகு பலகையைப் படிக்கலாம். முதலில் தேடவேண்டிய மலாய்ச் சொல் ‘ரெப்ளிகா’. அந்தச் சொல் இருந்தால் நகல், அசல் வேறெங்கோ இருக்கிறது. ‘கங்சா’ என்றால் வெண்கலம். ‘எஸ்.எம்.’ என்றால் கிறிஸ்துவுக்கு முன். பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ‘அபாட் கே-9’. 900களைச் சேர்ந்தது என்று நினைத்துவிடுவார்கள்; ஒன்பதாம் நூற்றாண்டு 801 முதல் 900 வரை.

இரண்டாவது பொருளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேராக்கில் பீடோர் ஈயச் சுரங்கத்தில் 1936இல் கிடைத்த, பௌத்தர்கள் வணங்கும் அருளாளரான அவலோகிதேசுவரரின் வெண்கலச் சிலை, எட்டுக் கைகள், 79 சென்டிமீட்டர் உயரம். பொருள்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். கண்ணில் படாவிட்டால் முகப்பில் கேளுங்கள். வரையும்போது முகத்தில் தொடங்கினால் தாளில் இடம் போதாமல் போகும். முதலில் தலை உச்சிக்கும் பாதத்துக்கும் இரண்டு கோடு போட்டு, நடுவில் இடுப்புக்கு ஒரு கோடு, பிறகு கைகள் தோளில் எங்கிருந்து பிரிகின்றன என்பது. எட்டுக் கையையும் வரைய முயலும் பிள்ளை அந்தத் தோளை ஐந்து நிமிடமாவது உற்றுப் பார்த்தே ஆகவேண்டும். அதற்காகத்தான் வரையச் சொல்வது. கடைசியில் தலை மகுடத்தின் முன்புறம்: சின்னதாக அமர்ந்த புத்தர் தெரிகிறாரா? அவலோகிதேசுவரரை அடையாளம் காட்டுவது அந்த உருவம்தான். இத்தகைய வெண்கலங்கள் நம் சுவாமிமலை ஸ்தபதிகளின் முறையில், மெழுகில் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி வார்ப்பவை. மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் அதே அச்சில் இன்னொன்று வராது.

மூன்றாவது, வெண்கல முரசு. வடவியட்நாமின் பழங்காலப் பண்பாடான டோங்சோன் வகை. மேல்தட்டின் நடுவிலுள்ள விண்மீனுக்கு எத்தனை முனை என்று எண்ணச் சொல்லுங்கள், போதும்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். வெண்கலத்துக்குக் கேடில்லை என்றாலும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிதான் விழும். கைப்பேசியைக் கண்ணாடிக்கு மிக அருகே கொண்டுபோய்ச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். வெளிர் சட்டைதான் பேழையில் அதிகம் பிரதிபலிக்கும், கருஞ்சட்டை போட்டவர் எடுக்கட்டும். துணியும் ஏடும் உள்ள பேழைகளில் வெளிச்சத்தை மிகக் குறைவாக, 50 லக்ஸ் (ஒளி அலகு) அளவிலேயே வைப்பது அரும்பொருளகங்களின் பொது வழக்கம். சாயம் ஒருமுறை வெளிறினால் திரும்பாது. அங்கே கண் பழக இரண்டு நிமிடம் பொறுங்கள்.

உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். ‘தமிழர்’ என்ற சொல்லைத் தேடினால் ஏமாற்றம்தான். ‘ஹிந்து-புத்தா’, ‘லெம்பா பூஜாங்’ என்ற சொற்களைத் தேடுங்கள். பூஜாங் பள்ளத்தாக்கு கெடாவில் இருக்கிறது. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை தாக்கியதாகத் தஞ்சைக் கல்வெட்டு சொல்லும் கடாரம் அந்தக் கெடாதான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதற்காகப் பீடோர் சிலையைத் ‘தமிழர் செய்தது’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அது சுமத்ராவை மையமாகக் கொண்ட பழைய கடல் அரசான ஸ்ரீவிஜயத்தின் கலை மரபில் வந்தது. கடல்வழியே வந்த இந்தியக் கலையை இந்த மண்ணின் கைகள் தமக்கென்று ஆக்கிக்கொண்டதன் அடையாளம். அப்படிச் சொல்வதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் பிடித்துவிட்டால் அடுத்த விடுமுறையில் இடிஎஸ் ரயில் ஏறி, கெடாவிலுள்ள சுங்கைப்பட்டாணியில் இறங்குங்கள். அங்கிருந்து காரில் மெர்போக், லெம்பா பூஜாங் அரும்பொருளகம். அதையொட்டிய மேட்டில் புக்கிட் பத்து பஹாட் சண்டி (மலாயில் பழங்கோயில்) நிற்கிறது. கருவறையும் முன்மண்டபமுமாக, நம் கோயில் அமைப்பு. மண்டபத்தில் தூண்களுக்கான அடிக்கற்கள் மட்டும் இருக்கின்றன. மரத்தூணும் கூரையும் மக்கிப் போய்விட்டன. மிச்சமிருந்த தாளை அங்கே எடுத்து, கற்களை எண்ணி, கூரை எப்படி இருந்திருக்கும் என்று இருவரையும் வரையச் சொல்லுங்கள்.