கேளுங்க சொல்றோம்: காலடிப்பேட்டை கவர்னர்

கே: சார், காலடிப்பேட்டை மெட்ரோவுல தினம் ஏறி எறங்குறேன். இந்த ஏரியாவை ஒரு வெள்ளைக்கார கவர்னர் உருவாக்குனார்னு கூட வேலை செய்றவரு சொல்றாரு, நெசமா? (வாசகர், தண்டையார்பேட்டை)

ப: நெசம்தாங்க. ஜோசப் காலெட், 1717லேர்ந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர், கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதிக்குத் துணி வேணும், அதுக்கு நெசவாளிங்க பக்கத்துலயே இருக்கணும்னு திருவொத்தியூர் பக்கம் அவங்களைக் குடி வெச்ச ஊருதான் இது. பெரிய மனசெல்லாம் இல்ல, சுத்தமான யாவாரம்.

ஆளோட கதை இன்னும் சூப்பர். 1673ல பொறந்து, லண்டன்ல யாவாரத்துல நொடிச்சுப்போயி, கடனை அடைக்கத்தான் கெழக்க கப்பல் ஏறுனாரு, வழியில ரியோ டி ஜெனிரோ கிட்ட பிரெஞ்சுக்காரன் கப்பலைப் புடிச்சிட்டான், பணம் கட்டித்தான் தப்பிச்சாரு! அப்புறம் சுமத்ராவுல பென்கூலன்ல அதிகாரியா இருந்துட்டு இங்க வந்தாரு. 1716ல ஒரு சீனக் கலைஞர் களிமண்ணுல செஞ்ச அவரோட பொம்மை, விக்கு கோட்டு எல்லாம் போட்டு நம்ம கொலு பொம்மை கணக்கா, இன்னிக்கும் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரில இருக்கு.

அங்க இருக்குற கல்யாண வரதராஜ பெருமாள் கோயில் இருக்கே, தன்கிட்ட வேலை பாத்த வீரராகவன் காஞ்சிபுரம் வரதரைப் பாக்கப் போயிட்டே இருந்ததால இவருதான் இங்கயே கட்டிக்குடுத்தாருன்னு ஊருல சொல்லுவாங்க. அது செவிவழிக் கதை, ஆனா கேக்க நல்லாத்தான் இருக்கு. 1720ல ஊருக்குக் கெளம்பிட்டாரு, 1725ல காலமாயிட்டாரு.