வால்வு இழுக்கும்போது மானிட்டர் அணைவது பற்றி

கடலூர் சிப்காட்டில் உங்கள் பேனலில் சோலனாய்டு வால்வு (மின்காந்தக் காயிலால் இயங்கும் வால்வு) இழுக்கும்போதெல்லாம் 24 வோல்ட் மானிட்டர் அணைந்து வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு மானிட்டரை மாற்றாதீங்க. ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் (ஏசியை 24 வோல்ட் டிசியாக மாற்றும் பவர் சப்ளை) இரண்டும் தொங்குவதால்தான் வோல்டேஜ் சரிகிறது. மீட்டரை மின்-மேக்ஸில் (Min-Max, குறைந்த, கூடிய அளவைப் பிடித்து வைக்கும் முறை) போட்டு, மானிட்டர் டெர்மினலிலேயே பாருங்கள்.

எம்சிபியை (பேனலின் சர்க்யூட் பிரேக்கர்) அணைத்து, பூட்டுப் போட்டபின் கை வையுங்கள். மானிட்டருக்குத் தனி எஸ்எம்பிஎஸ். அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஆம்பியர், மானிட்டரின் நேம்பிளேட்டில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு. வால்வு காயிலும் டிசி என்றால் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ்ஸில். திருப்பிப் போட்டால் ஷார்ட்தான்.

மானிட்டரின் எர்த் ஸ்குரூவை நேராகப் பேனலின் எர்த் பாருக்கு, குட்டை ஒயரில் இணையுங்கள். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூக்கும். ஒயர் முனையில் வெள்ளீயம் பூசிய லக்கே (ஸ்குரூவில் மாட்டும் உலோக முனை) போடுங்கள்.