நியூரோபெப்டைட் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

மகள் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம், மேலே நியூரோபெப்டைட் ஏற்பிகளைப் பற்றித்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், சொந்தக்காரர்களோ பேசாமல் பி.எட். சேர்த்துவிடு என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக விடுங்கள் என்பதுதான் என் பதில். ஒரே ஒரு நிபந்தனை: ஏற்பிகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, ஆய்வகத்தில் அளந்து காட்டவும் தெரிய வேண்டும். இந்தத் துறையில் சம்பளம் அந்தக் கைவேலைக்குத்தான்.

நரம்பு செல்கள் சுரக்கும் சிறு புரதத் துணுக்குகள்தான் நியூரோபெப்டைடுகள். பசி, வலி, தூக்கம் எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் பெரும்பாலானவை செல் சவ்வை ஏழு தடவை ஊடுருவி நிற்பவை. உள்பக்கம், சேதியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதத்தோடு சேர்ந்து வேலை செய்பவை. எந்தப் பெப்டைடைப் பிடிக்கிறதோ அதை வைத்துப் பெயர். நியூரோபெப்டைட் ஒய்-க்கு ஒய்1, ஒய்2, ஒய்4, ஒய்5 என்று போகும். அமைப்பை வைத்துப் பிரித்தால், இவையும் ஓபியாய்டு, ஓரெக்சின், ஆக்சிடோசின் ஏற்பிகளும் 'ஏ' வகுப்பு. ஒற்றைத் தலைவலியில் பங்குள்ள சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடின் ஏற்பி 'பி' வகுப்பு. அதற்கு ராம்ப்1 என்ற துணைப் புரதமும் கூடவே இருந்தாக வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை அம்மா. நம்மை விழித்திருக்க வைக்கும் ஓரெக்சின் பெப்டைடை 1998-இல் கண்டுபிடித்தார்கள். அதன் ஏற்பிகளைத் தடுக்கும் சுவோரெக்சன்ட் என்ற தூக்க மருந்துக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சி.ஜி.ஆர்.பி. ஏற்பியைத் தடுக்கும் எரனுமாப் என்ற ஒற்றைத் தலைவலி மருந்து 2018-இல் வந்தது. மருந்து நிறுவனங்கள் இந்த ஏற்பிகளை விடாமல் துரத்துவதற்குக் காரணம் இதுதான்.

சரி, கைவேலை என்றேனே, அதற்கு ஒரு உதாரணம். ஜி புரதங்களில் ஜிஎஸ் வகை, செல்லுக்குள் சேதி சொல்லும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறைக் கூட்டும், ஜிஐ வகை குறைக்கும், ஜிக்யூ வகை கால்சியத்தை உயர்த்தும். இவ்வளவும் எல்லா மாணவர்களுக்கும் தெரியும். "ஒய்1 ஏற்பி ஜிஐ வகை. அது வேலை செய்கிறதா என்று எப்படி அளப்பாய்?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டால்தான் திணறுவார்கள். சும்மா இருக்கும் செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏற்கெனவே குறைவு, இன்னும் குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால் முதலில் ஃபோர்ஸ்கோலின் போட்டு அளவை ஏற்றிவிட்டு, அப்புறம் பெப்டைடைச் சேர்த்து, எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஃபோர்ஸ்கோலின், நம் சேலம் பக்கம் பயிரிடும் மருந்துக்கூர்க்கன் கிழங்கில் இருப்பதுதான். மகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். யோசித்துப் பதில் சொன்னால் அவள் இதற்கு ஏற்றவள். தெரியாவிட்டாலும் ஆர்வமாகத் தேடிப் போனால் இன்னும் நல்லது.

இனி வழி. எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வில் உயிரித் தொழில்நுட்பத் தாள் எழுதலாம். சென்னையிலேயே என்றால், தரமணியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் நாளமில்லாச் சுரப்பியியல், மருந்தியல் துறைகள் இருக்கின்றன. எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டால் பெங்களூரு சின்ஜீன், ஹைதராபாத் அராஜன் போன்ற ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களில் முயலலாம். செல் வளர்ப்பும் மேலே சொன்ன அளவீடும் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை உண்டு. தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎச்.டி. என்றால் இன்னும் ஐந்து வருடம் போல ஆகும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தகுதித் தேர்வை எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. ஐ.ஐ.டி. கான்பூரில் அருண் சுக்லாவின் ஆய்வகம் இதே ஏற்பிகளை, குறிப்பாக அவற்றை அடக்கும் அரெஸ்டின் புரதத்தை ஆராய்கிறது. அதற்காக அவருக்கு 2021-இல் பட்நாகர் அறிவியல் பரிசு கிடைத்தது. அங்கிருந்து வரும் கட்டுரைகளை மகள் இப்போதே படிக்கத் தொடங்கலாம்.

கல்யாண வயது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை எம்.எஸ்சி. முடிந்த பிறகு அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் திறக்கும். முதலில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.