போனில் அளந்து ஆத்தங்குடிக் கல் வாங்கலாமா?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் பூர்விக வீடு இருக்கிறது. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றிய தாழ்வாரத்துக்கு ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்) பதிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், போனில் அளக்கும் செயலியிலேயே அளந்து அனுப்பச் சொல்கிறார். கல் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரோ, வீடு முழுவதையும் போனில் ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும், கணக்கை அவரே போட்டுக்கொள்வார் என்கிறார். செய்யலாமா?

பதில்: அளந்து பாருங்கள் அம்மா, தவறில்லை. அந்த அளவை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். ஸ்கேன் விஷயத்தில் என் பதில்: கூடவே கூடாது.

போனில் அளப்பது மிகைமெய்ச் செயலி, அதாவது கேமராக் காட்சியின் மேலேயே கோடும் படமும் போட்டுக் காட்டும் செயலி. அதனிடம் அளவுகோல் எதுவும் கிடையாது. கேமராவில் தெரியும் விரிசல், மூலை, கறை போன்றவற்றை அடையாளமாகப் பிடித்துக்கொள்கிறது. போன் எவ்வளவு நகர்ந்தது என்பதை உள்ளிருக்கும் உணரிகளிடம் கேட்டு, தூரத்தைக் கணக்கிடுகிறது. அடையாளம் கிடைக்காத இடத்தில் தடுமாறும். நம் சுவர்கள் எப்படி? சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகி, முகம் பார்க்கலாம் போல இருப்பவை. போன் அங்கே எதைப் பிடிக்கும்? தரையிலோ ஒரே பூ திரும்பத் திரும்ப வருவதால் எந்தப் பூ எது என்று அதற்குக் குழம்பிவிடுவதுண்டு. கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் பட்டாலையை (கூடத்தை) என் போனில் மூன்று தடவை அளந்தேன். 31 அடி 2 அங்குலம், 30 அடி 5 அங்குலம், 32 அடி என்று மூன்று விடை வந்தது. டேப் பிடித்தால் 31 அடி 7 அங்குலம்.

இது சின்ன வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். 20 அடிக்கு 40 அடி தரையில் இரண்டு பக்கமும் 3 சதவீதம் கூடினால், பரப்பில் ஏறத்தாழ 49 சதுர அடி கூடிவிடும். 10 அங்குலக் கல் என்றால் 70 கல் அதிகம். குறைந்தால் இன்னும் மோசம், வேலை பாதியில் நிற்கும்.

லைடார் என்ற ஒளி உணரி உள்ள போன் வைத்திருப்பவர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள். ஐபோன் 12 ப்ரோவில் 2020-இல் வந்தது அது. ஒளியை அனுப்பித் திரும்ப வாங்கி அளப்பதால் சாதாரண போனைவிட நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எட்டும் தூரம் ஏறத்தாழ 5 மீட்டர், அதாவது 16 அடி. 40 அடித் தாழ்வாரத்தில் நடந்து நடந்து ஒட்டுப்போட வேண்டும். ஒவ்வொரு ஒட்டிலும் பிழை சேரும். பளபளக்கும் சுவர் அந்த ஒளியையும் வேறு பக்கம் தெறிக்க விடும். சின்ன அறை, மங்கலான சுவர் என்றால் சரி. உங்கள் வளவுக்கு அதுவும் வேண்டாம்.

செயலியிலும் கண்ணி உண்டு. கூகிள் தன் அளவுச் செயலியை 2021-இல் நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பவற்றில் பல, மூன்று நாள் இலவசம் என்று சொல்லி வாரச் சந்தா பிடிப்பவை. போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தா பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை இல்லையென்றால் அபராதம் போடுகிறார்கள். அடிக்கணக்கில் பிழை காட்டும் செயலிக்கு முத்திரை எங்கே என்று கேட்க ஓர் அதிகாரிக்கும் நேரமில்லை.

இனி தரகர். கல்லுக்குத் தரையின் நீள அகலம் போதும். வீடு முழுவதும் அவருக்கு எதற்கு? அந்த ஸ்கேனில் பர்மாத் தேக்குத் தூண், செதுக்கிய நிலை, பெல்ஜியம் கண்ணாடி, பூட்டிக் கிடக்கும் இரண்டாங்கட்டு எல்லாம் அளவோடு பதிவாகும். பிறகு அவற்றை விலைக்குக் கேட்டு, பங்காளிகளில் பணமுடையில் இருக்கும் ஒருவரைத் தேடிப் போவார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்த கதவுகள் எல்லாம் வீட்டார் அனைவரும் மனமொப்பிக் கொடுத்தவை என்று நான் நம்பவில்லை.

தரையில் எந்தப் பூ எடுப்பாக இருக்கும் என்று பார்க்க மட்டும் செயலியைப் பயன்படுத்துங்கள். நிறத்தைத் திரையில் முடிவு செய்யாதீர்கள். ஆத்தங்குடிக்குப் போய் ஈரக் கல்லையும் காய்ந்த கல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கொத்தனாரை ஒரு முனையில் நிறுத்தி 100 அடி டேப்பில் அளக்கச் சொல்லுங்கள். நீள அகலத்தோடு மூலைக்கு மூலையும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும், பழைய தரைகள் பல சதுரமாக இருப்பதில்லை. தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்புங்கள். பட்டறைக்காரரிடம் நீங்களே பேசி, 5 சதவீதம் கூடுதலாகச் சொல்லிவிடுங்கள். கையால் செய்யும் கல், பின்னால் கேட்டால் அதே சாயலில் கிடைப்பது அபூர்வம்.